பொருள்: ‘நிக்கர் முறுக்கு’ வேண்டாம், ‘அலட்டிக்கொள்’ போதும்

அன்பர்களுக்கு, காரைக்குடியிலிருந்து வணக்கம்.

‘டோன்ட் கெட் யுவர் நிக்கர்ஸ் இன் எ ட்விஸ்ட்’ (நிக்கர் முறுக்கிக்கொள்ளும்படி அற்ப விஷயத்துக்குக் கவலைப்படாதே) என்ற ஆங்கிலக் கேலித் தொடருக்குத் தமிழ்ச் சொல்லாக வந்த பரிந்துரைகளைப் படித்தேன். ‘உள்ளாடை முறுக்கம்’ வேண்டவே வேண்டாம். நம் ஊரில் நிக்கர் என்றால் பள்ளிக்கூடப் பையனின் அரைக்கால் சட்டை. பிரிட்டனில் பெண்களின் உள்ளாடை. கேலியே அதில்தான் இருக்கிறது. ஆஸ்திரேலியர்கள் முறுக்குக்குப் பதில் முடிச்சு என்பார்கள். எதுவானாலும் அந்தத் துணி நமக்கு எதற்கு?

இன்னொரு பரிந்துரையான ‘பதற்றம்’ ஏற்கெனவே மருத்துவத்தில் ஆங்சைட்டிக்கு நிலைத்துவிட்டது. நோயாளியிடம் மருத்துவர் சொல்லும் சொல்லைக் கிண்டலுக்குக் கொடுப்பது நியாயமில்லை.

புலவர் நண்பர் பரிந்துரைத்த ‘அலமரல்’ அழகானது. தொல்காப்பியத்தில் சொற்பொருள் சொல்லும் உரியியல் என்ற பகுதி அலமரல், தெருமரல் இரண்டுக்கும் சுழற்சி என்றே பொருள் சொல்கிறது, முறுக்குக்குப் பக்கத்துவீடுதான். ஆனால் காரைக்குடி பஸ் நிலையத்தில் ஒருவரிடம் ‘அலமராதீர்கள்’ என்று சொல்லிப் பாருங்கள், அது எந்த ஊர் பஸ் என்று கேட்பார்.

என் வாக்கு ‘அலட்டிக்கொள்’ளுக்கு. செட்டிநாட்டுக் கல்யாண வீட்டில் சாமான் பரப்புவதைப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும். வளவு (வீட்டின் உள்முற்றம்) நிறைய பித்தளை அண்டா முதல் எவர்சில்வர் கரண்டி வரை வரிசையாக இருக்கும். பட்டியலில் எழுதிய இடியாப்பக்கட்டை மட்டும் காணோம். பெண்ணின் தாயார் கட்டிய மூட்டைகளையெல்லாம் அவிழ்த்துக் கொட்டுகிறார். வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருக்கும் மூத்த ஆச்சி தலையை நிமிர்த்தாமலே சொல்வார்: “ஒரு கட்டைக்கா இப்படி அலட்டிக்கொள்கிறாய்? கடை திறந்ததும் வாங்கிக்கொள்ளலாம்.” அதட்டலும் ஆறுதலும் ஒரே சொல்லில் வந்துவிடுகின்றன. ஆங்கிலத் தொடரில் அதட்டல் உண்டு, ஆறுதல் குறைவு.

‘அலட்டல்’ என்றால் பந்தா காட்டுவது ஆயிற்றே என்று தேவகோட்டை அண்ணன் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. ‘கொள்’ என்ற துணைவினைதான் இங்கே வேலி. அலட்டுகிறான் என்றால் பகட்டு. அலட்டிக்கொள்கிறான் என்றால் தன்னைத் தானே வருத்திக்கொள்கிறான். இன்னொன்றும் பாருங்கள். ஆங்கிலத் தொடர் பெரும்பாலும் ‘வேண்டாம்’ என்ற எதிர்மறையில்தான் வருகிறது. நம் சொல்லும் அப்படியே: அலட்டிக்கொள்ளாதே, அலட்டிக்கொள்ளாமல்.

எனவே அகராதிப் பதிவு இப்படி இருக்கலாம்: ‘அலட்டிக்கொள் (வினை, பேச்சுநடை): அற்ப விஷயத்துக்கு அளவு மீறிக் கவலைப்படு.’ பெயர்ச்சொல் வேண்டுமென்றால் ‘அலட்டிக்கொள்ளல்’. கொஞ்சம் நீளம்தான், ‘அலட்டல்’ என்று வெட்டினால் அண்ணன் சொன்ன பந்தா உள்ளே வந்துவிடும். மறுப்பு இருப்பவர்கள் எழுதுங்கள்.