வாளியில் நல்ல தண்ணீர், மோட்டார் போட்டால் உப்பு: எதைக் கணக்கில் எடுப்பது?

கேள்வி: எம்.எஸ்சி. புராஜெக்டுக்காக கிழக்குக் கடற்கரைச் சாலையில், கடலிலிருந்து சுமார் முந்நூறு மீட்டர் தள்ளியுள்ள ஒரு கிணற்றில் இ.சி. (தண்ணீரின் மின்கடத்துதிறன், உப்பு கூடினால் இதுவும் கூடும்) அளக்கிறேன். காலையில் வாளியில் மொண்டு பார்த்தால் 1,400 மைக்ரோசீமென்ஸ், மோட்டார் ஓடியபின் குழாயில் பிடித்தால் 4,000-ஐத் தாண்டுகிறது. மீட்டர் சரியாகத்தான் இருக்கிறது, சோதித்துவிட்டேன். எதை எழுதுவது? கடல்நீர் கலக்கிறது என்று சொல்லிவிடலாமா?

பதில் 1: இரண்டையும் எழுதுங்கள், ஆனால் எந்த ஆழத்துத் தண்ணீர் என்பதையும் சேர்த்து. நன்னீர் லேசானது, உப்புநீரின் மேல் நிற்கும், வாளி அந்த மேல்தண்ணீரைத்தான் மொள்ளும். மோட்டார் இழுத்தால் அடியில் இருக்கும் உப்பு மேலேறி வரும். கடல்மட்டத்துக்கு மேலே 1 மீட்டர் நன்னீர் நின்றால் கீழே சுமார் 40 மீட்டர் வரை நன்னீர் இருக்கும் என்பது பழைய கணக்கு. மேலே அரை மீட்டர் குறைந்தால் கீழே 20 மீட்டர் போச்சு! மோட்டாரை நிறுத்தி, மட்டம் பழையபடி ஏறியதும், நீளக் கேபிள் உள்ள மீட்டரை மெதுவாக இறக்கி அரை மீட்டருக்கு ஒரு தடவை படியுங்கள். மேலே இழுக்கும்போது படிக்காதீர்கள், அதற்குள் தண்ணீர் கலங்கியிருக்கும். கடல் ஏற்ற இறக்க நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள்.

பதில் 2: உப்பு ஏறினாலே கடல்நீர் என்று எழுதிவிடாதீர்கள், பக்கத்தில் செப்டிக் டேங்க் இருந்தாலும் ஏறும். குளோரைடு, புரோமைடு இரண்டையும் ஆய்வகத்தில் பாருங்கள். குளோரைடை புரோமைடால் வகுத்தால் கடல்நீரில் எடைக்கணக்கில் அந்த விகிதம் 290-ஐ ஒட்டி இருக்கும், கழிவுநீரில் சமையல் உப்பு சேர்வதால் பெரும்பாலும் அதைவிட நன்றாகவே கூடும்.

கேள்வி கேட்டவர்: ரொம்ப நன்றி, செப்டிக் டேங்க் பக்கத்திலேயே இருக்கிறது. அப்புறம், நிலத்தடி நீர் கடலுக்குள் கசிவதையும் கைடு அளக்கச் சொல்கிறார். ரேடான் (மண்ணிலிருந்து தண்ணீரில் கலக்கும் கதிரியக்க வாயு) அளந்தால் போதுமா?

பதில் 1: எங்கே கசிகிறது என்று கண்டுபிடிக்க ரேடான் அருமையான வழி. மணலுக்குள் கிடந்த தண்ணீரில் அது நிறைய இருக்கும், கடலுக்கு வந்ததும் காற்றில் போய்விடும், மீதியும் 3.8 நாளில் பாதியாகும். அதனால் கரையோரம் கூடுதலாகக் காட்டினால் கசிவு பக்கத்திலேயே இருக்கிறது. ஆனால் அலையோடு மணலுக்குள் புகுந்து திரும்பும் கடல்நீரும் ரேடானைச் சுமந்துதான் வரும், ஆகவே நன்னீர் எவ்வளவு என்று பிரிக்க உப்பளவும் கட்டாயம் வேண்டும். கையில் காசு குறைவென்றால் கசிவை நேரடியாகவே பிடித்து அளக்கலாம்: பீப்பாயைக் குறுக்கே வெட்டி, திறந்த பக்கத்தைக் கடலடி மணலில் அழுத்தி, மேல் துளையில் பிளாஸ்டிக் பை கட்டுங்கள். பையில் முதலிலேயே கொஞ்சம் தண்ணீரை அளந்து ஊற்றிவிட வேண்டும், காலிப் பை விரியும்போது தானே தண்ணீரை இழுத்து அளவைக் கூட்டிக் காட்டும். பையை அலை அடிக்காதபடி மூடியும் வையுங்கள்.