கலுங்கில் ஏறும் மீனை எண்ணும் கருவி: கணக்கு தாறுமாறாக வருகிறது, உதவி தேவை

மேலூரான்:
எங்கள் கண்மாய் நிறைந்து, மிகை நீர் வழியும் கலுங்கில் மறுகால் பாயும்போது கீழே கால்வாயிலிருந்து கெண்டையும் கெளுத்தியும் எதிர்த்து ஏறும், எத்தனை ஏறுகிறது என்று எண்ணிப் பார்க்க ஆசை. வெளிநாட்டு ஆறுகளில் சால்மன் எண்ணும் கருவியைப் பார்த்துவிட்டு, ஓரடி அகலச் சட்டத்தில் ஒரு பக்கம் அகச்சிவப்பு எல்இடி, மறு பக்கம் சென்சார் வைத்து, ஆர்டுயினோ என்ற சின்னக் கணினிப் பலகையில் கோத்திருக்கிறேன். வீட்டில் சின்ன வாளியில் நன்றாக எண்ணியது. கலுங்கில் வைத்தால் பகலில் ஒன்றுமே பதிவாகவில்லை, கலங்கலாகப் புதுத்தண்ணி வந்தால் கணக்கு எகிறுகிறது. ஏறியதா இறங்கியதா என்றும் தெரியவில்லை.

சால்டர் அண்ணாச்சி:
டிவி ரிமோட்டில் வரும் எல்இடியா தம்பி? அது 940 நானோமீட்டர், தண்ணீர் அந்த ஒளியைக் குடித்துவிடும். வாளியில் தாண்டியது ஓரடியில் தாண்டாது, 850 போடுங்கள். அப்புறம் சென்சாருக்கு மேல் தகரம் வைத்து நிழல் கட்டி, எல்இடியை வேகமாக ஏற்றி அணைத்து, இரண்டு அளவுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் எடுங்கள், வெயில் தொந்தரவு போய்விடும்.

அயிரைப் பிரியன்:
திசை தெரிய எல்இடி-சென்சார் இரண்டு வரிசை வேண்டும். ஐஸ்லாந்தின் ரிவர்வாட்சர் கருவியிலும் அப்படித்தான், எந்த வரிசை முதலில் மறைகிறதோ அதை வைத்து ஏற்றமா இறக்கமா என்று பிரிக்கும், மீனின் நிழலுருவமும் பதிவாவதால் இலை, குச்சியைத் தள்ளிவிடலாம். ஏறிய மீன் திரும்ப இறங்கும் என்பதால் இறங்கியதைக் கழித்தே கணக்குச் சொல்ல வேண்டும்.

மேலூரான்:
சரி, கலங்கல் தண்ணீருக்கு என்ன செய்ய? ஸ்காட்லாந்தில் தடுப்பணை மேல் மின்முனை பதித்து எண்ணுவார்களாமே?

அயிரைப் பிரியன்:
ஆமாம், மூன்று மின்முனை. மீன் உடலில் நன்னீரைவிட எளிதாக மின்சாரம் பாயும், அந்த மாற்றத்தை எண்ணுவார்கள், கலங்கல் தடையில்லை. ஆனால் அது பெரிய சால்மனுக்கு ஆனது, நம் அயிரை போனால் அதற்கு உறைக்காது. உப்பு ஏறிய தண்ணீரில் அந்த வித்தியாசமும் சுருங்கிவிடும். அலாஸ்காவின் கீனாய் ஆற்றில் ஒலி அலையால் பார்க்கும் சோனார் வைத்திருக்கிறார்கள், கலங்கலிலும் தெரியும், அந்த விலைக்கு நீங்கள் கண்மாய் மீன்பாசியையே (மீன்பிடி உரிமையையே) ஏலம் எடுத்துவிடலாம்.

உங்களுக்கு நான் சொல்வது, கலங்கலால் சென்சாருக்கு வரும் ஒளி, தெளிந்த தண்ணீரில் வருவதில் பாதிக்குக் கீழே தொடர்ந்து போன நேரத்தைத் தனியாகக் குறித்து அந்த நேரத்து எண்ணிக்கையைச் சேர்க்காதீர்கள். மேலே ஒரு கேமரா மாட்டி, தண்ணீர் தெளிந்த சமயத்தில் கொஞ்ச நேரமாவது கண்ணால் எண்ணி ஒப்பிடுங்கள். பெரிய ஆறுகளிலும் ஒப்பிடாத கணக்கை யாரும் நம்புவதில்லை.

மேலூரான்:
850 எல்இடி மதுரை டவுன்ஹால் ரோட்டில் கிடைக்குமா அண்ணாச்சி?

சால்டர் அண்ணாச்சி:
கேட்டுப் பாருங்கள். இல்லாவிட்டால் ராத்திரியில் மங்கலாகச் சிவப்பு தெரியும் பழைய சிசிடிவி கேமரா ஒன்றைக் கழற்றுங்கள், பெரும்பாலும் அதில் இருப்பது 850தான். சிலிகான் பூசித் தண்ணீர் புகாமல் அடைக்க மறக்காதீர்கள்.