லினக்ஸுக்கு மாறியபோது உங்கள் பாட்டும் படமும் என்ன ஆயின? அனுபவத்தைச் சொல்லுங்கள்

பழைய கேசட்:

வீட்டில் இருந்தது விண்டோஸ் 10. 2025 அக்டோபர் 14-உடன் அதற்கான ஆதரவு நின்றுவிட்டது. பெட்டியில் டி.பி.எம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு இல்லை, அதனால் 11-க்கும் வழியில்லை. நன்றாக ஓடுகிற கணினியைத் தூக்கிப்போட மனசில்லாமல் லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டேன். நிறுவுவதில் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. பாட்டையும் வீடியோவையும் ஓட வைக்கும் மல்டிமீடியா கோடெக் வேண்டுமா என்று கேட்கும் இடத்தில் டிக் அடித்துவிட்டால் போதும். எனக்கு வேலை வைத்தவை கோப்புப் பெயர்கள்தான்.

அப்பா கோயில் திருவிழாக்களில் கேசட்டில் பதிந்த நாகஸ்வரக் கச்சேரிகளை எம்பி3 ஆக்கி வைத்திருக்கிறார். கேசட் அட்டையில் எழுதியிருப்பதை அப்படியே கோப்புக்கும் பெயராக வைப்பது அவர் வழக்கம். உதாரணத்துக்கு ஒன்று: 'பங்குனி உத்திரம் இரண்டாம் நாள் இரவு சுவாமி புறப்பாடு மல்லாரி கம்பீரநாட்டை பிறகு தோடி ஆலாபனை தவில் தனி'. விண்டோஸில் இத்தனை நாளும் இது பேசாமல் கிடந்தது. மின்டுக்கு காப்பி செய்தால் 'பெயர் மிக நீளம்' என்று நின்றுவிட்டது.

காரணம் இதுதான். விண்டோஸ் டிஸ்க்கில் கோப்புகளை அடுக்கிவைக்கும் முறையான என்.டி.எஃப்.எஸ் ஒரு பெயருக்கு 255 குறிகள் வரை விடும். லினக்ஸில் அதே வேலையைச் செய்யும் இ.எக்ஸ்.டி.4 255 பைட் வரைதான் விடும். எழுத்துகளைக் கணினி சேமிக்கும் யு.டி.எஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட். அதாவது 85 குறியோடு சரி. 'கோ' என்பது நம் கண்ணுக்கு ஓர் எழுத்து, கணினிக்கு ககரமும் ஓகாரக் குறியும், ஆக 6 பைட். 'ஸ்ரீ' போட்டால் 12 பைட் போய்விடும். ஆங்கிலத்தில் பெயர் வைப்பவர்களுக்கு இந்தச் சுவர் தட்டுப்படுவதே அபூர்வம். அதனால் இணையத்தில் தேடினாலும் இதைப் பற்றிப் பேசுகிறவர்கள் குறைவு.

பிழைச் செய்தி வரும்போது 'எல்லாவற்றையும் தவிர்' என்பதை அழுத்திவிடாதீர்கள். அந்தக் கோப்புகள் மட்டும் சத்தமில்லாமல் விடுபடும். நான் ஆர்சிங்க் என்ற கட்டளையை வைத்து நகலெடுத்தேன். எது வரவில்லை என்று அது வரிவரியாகச் சொல்லிவிடும். அப்புறம் கிட்3 என்ற மென்பொருளை விண்டோஸ் பக்கத்திலேயே நிறுவி, நீளப் பெயர்களை, எம்பி3-க்குள்ளேயே பாட்டின் விவரத்தை வைக்கும் டேக்குக்குள் ஏற்றிவிட்டு, கோப்புக்கு 'பங்குனி உத்திரம் 2 மல்லாரி' என்று சுருக்கமாக வைத்தேன். டேக்குக்குள் இப்படிப்பட்ட நீளக் கெடுபிடி இல்லை. அப்பா எழுதியதில் ஒரு சொல்லும் போகவில்லை.

2000-களின் தொடக்கத்தில் ஏற்றிய பாட்டுகளில் டேக் எல்லாம் கொக்கிகளும் புள்ளிகளுமாகத் தெரிந்தன. எல்லாம் திஸ்கி என்ற பழைய தமிழ் எழுத்துக் குறியாக்கத்தின் காலத்து எழுத்து. லினக்ஸோடு வருகிற, எழுத்து முறையை மாற்றும் ஐகான்வ் கட்டளைக்குத் திஸ்கி தெரியும். குப்பையாகத் தெரிவதை முதலில் லத்தீன்-1 என்ற ஐரோப்பிய எழுத்து முறைக்குத் திருப்பி, பிறகு திஸ்கியிலிருந்து யு.டி.எஃப்-8க்கு மாற்றினால் தமிழ் வந்துவிடுகிறது. பிளேலிஸ்டுகளுக்கு இவ்வளவு பாடில்லை. உள்ளே டி டிரைவ் முகவரியும் பின்சாய்வுக் கோடும் இருக்கும், எடிட்டரில் திறந்து தேடி மாற்றினால் போதும்.

ஆல்பம் அண்ணாச்சி:

பாட்டுக்குப் பெயர் என்றால் படத்துக்குத் தேதி. கேமராவில் எடுத்தவற்றில் எடுத்த தேதி முதலியவற்றைச் சொல்லும் எக்ஸிஃப் தகவல் உள்ளேயே இருப்பதால் டிஜிகாம் என்ற ஆல்பம் மென்பொருள் சரியாக வரிசைப்படுத்தியது. வாட்ஸ்அப்பில் வந்தவைதான் சிக்கல். வாட்ஸ்அப் எக்ஸிஃபைக் கழற்றிவிட்டுத்தான் அனுப்பும். உள்ளே தேதி இல்லாததால் டிஜிகாம் கோப்பின் தேதியைத்தான் எடுத்துக்கொள்ளும். சும்மா சிபி கட்டளையால் நகலெடுத்தால் அந்தத் தேதியும் இன்றைய தேதியாகிவிடும். தங்கையின் வளைகாப்பும் நேற்று வந்த 'காலை வணக்கம்' படமும் ஒரே நாளில் வந்து நிற்கும். ஆர்சிங்கில் 'ஏ' விருப்பத்தைச் சேர்த்தால் தேதி மாறாது. ஏற்கெனவே மாறிப்போயிருந்தால், வாட்ஸ்அப் கோப்புப் பெயரிலேயே ஆண்டு, மாதம், நாள் இருக்கும். எக்ஸிஃப்டூல் கொண்டு அதை எடுத்துப் படத்துக்குள் எழுதிவிடலாம்.

பிக்காசா என்ற பழைய ஆல்பம் மென்பொருளைப் பயன்படுத்தியவர்கள் இன்னொன்றைக் கவனியுங்கள். கூகுள் அதை 2016-இல் கைவிட்டது. ஆனால் திருத்திச் சேமித்த படங்களின் மூலப்பிரதி அந்தந்த ஃபோல்டருக்குள் 'பிக்காசா ஒரிஜினல்ஸ்' என்று புள்ளியில் தொடங்கும் ஃபோல்டரில் இருக்கும். புள்ளியில் தொடங்குபவை லினக்ஸில் கண்ணுக்குத் தெரியாது. கண்ட்ரோல்-எச் அழுத்திப் பார்த்துவிட்டு அப்புறம் பழைய டிஸ்க்கை அழியுங்கள். கறுப்பு வெள்ளை ஆசையில் நிறத்தை எடுத்த எங்கள் கல்யாணப் படங்கள் நிறத்தோடு கிடைத்தது அங்கேதான்.

மின்டுக்குப் புதுசு:

அண்ணே, எனக்கு முதல் படியே ஏறவில்லை. விண்டோஸ் டிஸ்க் லினக்ஸில் திறக்கிறது, படிக்க முடிகிறது, ஆனால் ஒரு கோப்பின் பெயரைக்கூட மாற்ற விடவில்லை. பர்மிஷன் பிரச்சினை என்று எதையெதையோ நோண்டினேன்.

பழைய கேசட்:

தம்பி, அது பெரும்பாலும் விண்டோஸின் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் வேலை. ஷட்டவுன் கொடுத்தாலும் முழுதாக அணையாமல் அரைத்தூக்கத்தில் இருக்கும், அதனால் லினக்ஸ் அந்த டிஸ்க்கில் எழுதாமல் ஒதுங்கிக்கொள்ளும். விண்டோஸுக்குள் போய் பவர் ஆப்ஷன்ஸில் அதை நிறுத்திவிட்டு, ஒருமுறை முழுதாக அணைத்துவிட்டு வாருங்கள்.

மின்டுக்குப் புதுசு:

சரியாகிவிட்டது அண்ணே, நன்றி! பாட்டு கேட்க எதைப் போடலாம்? வின்ஆம்ப் மாதிரி சின்னதாக இருந்தால் நல்லது.

பழைய கேசட்:

ஆடேசியஸ் போடுங்கள். வின்ஆம்பின் பழைய ஸ்கின்களையே அதில் மாட்டலாம். ஆயிரக்கணக்கில் பாட்டு வைத்து ஆல்பம்வாரியாகத் தேட வேண்டுமானால் ஸ்ட்ராபெரி தேவலை.