தம்பிக்கு சவூதி தம்மாம்ல வேலை வந்திருக்கு, ஊர் எப்படி இருக்கும்?

பெரியபட்டினத்தான்:
அஸ்ஸலாமு அலைக்கும். என் தம்பி பைப் ஃபிட்டர், வழுதூர் பவர் பிளான்ட்ல கான்ட்ராக்ட்ல ரெண்டு வருஷம் பார்த்தவன், இப்ப தம்மாம்னு சொல்லி விசா வந்திருக்கு. உம்மா ரெண்டு நாளா ஒரே அழுகை, பாலைவனத்துல கொண்டுபோய் விட்டுருவாங்கன்னு. அங்க கடல் இருக்கா, லீவு நாள்ல போக வர பஸ்ஸு கிஸ்ஸு உண்டா, பின்னாடி பொண்டாட்டி புள்ளைய கூட்டிக்க முடியுமா? அங்க இருக்குற காக்காமாருங்க சொல்லுங்க.

கோபர் கீழக்கரையான்:
வ அலைக்கும் ஸலாம் தம்பி. உம்மாகிட்ட மொதல்ல சொல்லுங்க, தம்மாம் கடற்கரை ஊரு. தம்மாம், அல்கோபர், தஹ்ரான் மூணும் ஒட்டிக்கிட்டு ஒரே ஊரா கிடக்கும். எண்ணெய் வர்றதுக்கு முந்தி தம்மாமும் கோபரும் மீன் புடிச்சு முத்துக் குளிச்சுப் பொழச்ச சின்ன ஊருங்க, நம்ம கீழக்கரை மாதிரியேதான். தஹ்ரான்ல மொத தோண்டின கிணறு எதுவும் சரியா கைகொடுக்கல, ஏழாவது கிணறு 1,400 மீட்டருக்கு மேல ஆழம் போயி 1938 மார்ச்லதான் எண்ணெய் கொட்டுச்சு, அந்த ஒரே கிணறு 1982 வரைக்கும் 3 கோடி பேரலுக்கு மேல கொடுத்திருக்கு. சவூதி எண்ணெய் கம்பெனி அராம்கோவோட தலைமை ஆபீஸ் இன்னைக்கும் தஹ்ரான்லதான். அங்க பக்கத்துலயே இத்ரான்னு மியூசியம், லைப்ரரி எல்லாம் சேர்ந்த பெரிய கட்டடம், தம்பிய கண்டிப்பா போகச் சொல்லுங்க. கோபர்ல இருந்து பஹ்ரைனுக்கு கடல் மேல 25 கிலோமீட்டர் பாலம், 1986ல திறந்தது. மொத தடவ அதுல போனப்ப நம்ம பாம்பன் பாலம் ஞாபகம் வந்து எனக்குத் தொண்டை அடைச்சிருச்சு.

மண்டபம் ஷட்டவுன்:
காக்கா சொன்னதெல்லாம் சரி, ஆனா விசாவுல தம்மாம்னு இருந்தா தம்மாம்லயே இருப்போம்னு நினைக்காதீங்க. என்னை தம்மாம்னு சொல்லி அனுப்பிட்டு ஜுபைல்ங்கிற ஊரு தாண்டி ஒரு கேம்ப்ல போட்டாங்க, ஊருக்கு வரணும்னா கம்பெனி வண்டி வெள்ளிக்கிழமை மட்டும், அந்த ஆறு மாசம் நான் கடலையே பார்க்கல. வேலை நடக்குற சைட் எது, ரூமும் மெஸ்ஸும் யாரு கொடுக்குறா, ஓவர்டைம் எவ்வளவுன்னு பேப்பர்ல வாங்குங்க, ஏஜென்ட் வாய் வார்த்தைய நம்பாதீங்க, அவன் லைசென்ஸ் இமைக்ரேட்ங்கிற நம்ம அரசாங்க வெப்சைட்ல இருக்கான்னு பார்த்துட்டு காசு கொடுங்க. வெயில் மட்டும் இல்ல, ஆகஸ்ட் மாசம் கடல் ஈரம் சேர்ந்து சட்டைய பிழியலாம். ஜூன் 15ல இருந்து செப்டம்பர் 15 வரைக்கும் பகல் 12 டு 3 வெயில்ல வேலை வாங்கக் கூடாதுன்னு அங்க சட்டமே இருக்கு, தம்பிக்கு இது தெரிஞ்சிருக்கணும்.

உச்சிப்புளி அக்கா:
நாங்க குடும்பமா தம்மாம்ல எட்டு வருஷம் இருந்தோம் தம்பி. இந்தியன் ஸ்கூல் இருக்கு, சிபிஎஸ்இ. ஆனா ஃபேமிலி விசா இகாமாவுல, அதாவது அங்க தங்குற பெர்மிட்ல, போட்டிருக்குற தொழிலப் பொறுத்துதான், அதோட ஒரு ஆளுக்கு மாசம் 400 ரியால் கட்டணும், பொண்டாட்டி ரெண்டு புள்ளைன்னா 1,200 ரியால், ஃபிட்டர் சம்பளத்துல ரொம்ப கஷ்டம், இத மொதல்லயே அவங்க வீட்டுல சொல்லிருங்க, அப்புறம் ஏக்கம் வரும். டவுனுக்குள்ள சிட்டி பஸ் இப்ப ஓடுது. ஏர்போர்ட் ஊருக்கு வெளிய ரொம்ப தூரம், கம்பெனி ஆள் வந்து கூட்டிட்டுப் போறாங்களான்னு கேட்டுக்கோங்க. ரியாத்துக்கு ரயில் இருக்கு, அது ஹஃபூஃப் வழியாத்தான் போகும், அங்க இறங்கினா அல் அஹ்ஸா பேரீச்சந்தோப்பு, 25 லட்சம் மரம், யுனெஸ்கோ பட்டியல்ல 2018ல சேர்த்தாங்க. எங்க ஊரு தென்னந்தோப்புக்குள்ள நிக்கிற மாதிரியே இருக்கும், எம் புள்ளைங்க அங்க இருந்து கிளம்பவே மாட்டாங்க.

பெரியபட்டினத்தான்:
ரொம்ப நன்றி காக்கா, அக்கா. இப்பதான் பேப்பர எடுத்துப் பார்த்தேன், சைட்டுன்னு ஒரு வரிகூட இல்ல. நாளைக்கு காலையில தம்பியக் கூட்டிட்டு ஏஜென்ட் ஆபீஸுக்குப் போறேன், எழுதி வாங்காம பாஸ்போர்ட்ட கொடுக்குறதா இல்ல. பாலம் கதைய உம்மாகிட்ட வாசிச்சுக் காட்டினேன், இன்னைக்குத்தான் சோறு சாப்பிட்டாங்க.