கேண்டிடா அல்பிகன்ஸ்: ஐந்தாம் குரோமோசோமின் இடது கரம் மட்டும் ஏன் இப்படி?

பனித்துளி:
கேண்டிடா அல்பிகன்ஸ் என்ற ஈஸ்ட் பூஞ்சையின் எஸ்சி5314 திரிபை ஃப்ளுகோனசோல் என்ற பூஞ்சை எதிர்ப்பு மருந்தில் பல வாரம் வளர்த்து, மருந்துக்கு அடங்காத ஒன்றைப் பிரித்து அதன் டிஎன்ஏவை வரிசைப்படுத்தினோம். மூலத் திரிபில் ஏறக்குறைய 70,000 இடங்களில் குரோமோசோம்களின் இரு நகல்களும் வேறுபடும் என்று படித்திருக்கிறேன். எனக்குக் கிடைத்தவை சில நூறு. பாதிக்கு மேற்பட்ட வாசிப்புகளின் (கருவி படித்த சிறு டிஎன்ஏ துண்டுகளின்) பொருத்தத் தரம், அதாவது அவை எந்த இடத்தைச் சேர்ந்தவை என்பதன் உறுதி, பூஜ்யம். போதாக்குறைக்கு, ஐந்தாம் குரோமோசோமின் இடது கரத்தில் வாசிப்புகள் குவிந்து கிடக்கின்றன. வேறு திரிபு கலந்துவிட்டது என்கிறார் வழிகாட்டி. மாதிரியை எறிந்துவிடவா?

தட்டுக்கழுவி:
எறியாதீர்கள். வாசிப்புகளை ஒப்பிட்ட மேற்கோள் மரபணுத்தொகுதி 22ஆம் பதிப்பா? அதில் ஏ, பி என இரு நகல்களும் தனித்தனியாக உள்ளன. இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால், வேறுபாடில்லாத பகுதியின் வாசிப்பு எதில் உட்காருவது என்று தெரியாமல் விழிக்கும், தரம் பூஜ்யமாகும். வேறுபாடுள்ளது தன் நகலிலேயே போய் அமர்ந்துகொள்ளும். வேறுபாடுகளைத் தேடும் நிரலுக்கு மாற்றமே தெரியாது. ஏ நகலை மட்டும் வைத்து மீண்டும் ஓட்டுங்கள். புரத மாற்றம் கணிக்கும்போது 12ஆம் மரபுக் குறியீட்டு அட்டவணையைப் பயன்படுத்துங்கள். இந்த ஈஸ்ட் சியூஜி என்ற மூன்றெழுத்துக் குறியை லியூசின் என்ற அமினோ அமிலமாக அல்ல, பெரும்பாலும் செரினாகவே படிக்கும். இதை மறந்து ஒரு மாதத்தைத் தொலைத்தவன் நான்.

பனித்துளி:
22தான், இரண்டும் சேர்த்துத்தான்! ஏ நகலை மட்டும் வைத்து ஓட்டினேன்; இப்போது எல்லாக் குரோமோசோமிலும் இரு நகல்களின் விகிதம் 50:50 வருகிறது. ஐந்தின் இடது கரத்தில் மட்டும் ஆழம் (ஓரிடத்தில் விழும் வாசிப்புகளின் எண்ணிக்கை) 1.6 மடங்கு, விகிதம் 69:31. இரு கரங்களும் சேரும் சென்ட்ரோமியரைத் தாண்டியதும் கத்தியால் வெட்டியதுபோல் இயல்புக்குத் திரும்புகிறது.

பழைய ஈஸ்ட்:
கலப்படம் ஒரு கரத்தோடு நிற்காது. எட்டுக் குரோமோசோமிலும் தெரியும். இது ஐசோகுரோமோசோமாக இருக்கலாம்: ஒரே மாதிரியான இரண்டு இடது கரங்கள் சென்ட்ரோமியரில் ஒட்டிய கூடுதல் குரோமோசோம். 2006இல் செல்மெக்கி, ஃபோர்ச், பெர்மன் விவரித்தது. மருந்தின் இலக்கான இஆர்ஜி11, மருந்தை வெளியேற்றும் பம்புகளைத் தூண்டும் டிஏசி1 ஆகிய மரபணுக்கள் இரண்டும் அந்தக் கரத்தில்தான் உள்ளன.

தட்டுக்கழுவி:
அப்படியானால் வழக்கமான இரண்டோடு சேர்த்து இடது கரத்துக்கு நான்கு நகல். ஆழம் 2, விகிதம் 75:25 அல்லவா வர வேண்டும்? 1.6 என்றால் மூன்று நகல்தான் என்று தோன்றுகிறது.

பழைய ஈஸ்ட்:
நல்ல கேள்வி. ஆனால் நூற்றில் அறுபது செல்களில் மட்டும் அது இருந்தால் கணக்கைப் போடுங்கள்: சராசரி 3.2 நகல், அதில் 2.2 ஒரு பக்கம். 69:31 அப்படியே விழுகிறது. மருந்து இல்லாதபோது இது உதிர்ந்துபோகக்கூடியது. தனித்தனிக் காலனிகளாகப் பிரித்து டிஏசி1 நகல் எண்ணிக்கையை அளந்தால் தெரிந்துவிடும். எல்லாக் காலனியிலும் மூன்று என்றால் என் கணக்கு தவறு.

பனித்துளி:
இரண்டு வாரம் கழித்து வருகிறேன். எட்டுக் காலனிகள்: ஐந்தில் நான்கு நகல், மூன்றில் இரண்டு. மூன்று நகல் எதிலும் இல்லை. அந்த மூன்று காலனிகளும் மருந்துத் தட்டில் தளர்ந்துவிட்டன. உறையவைக்கும் முன் மருந்தில்லா ஊடகத்தில் பல முறை மாற்றி வளர்த்தது ஆய்வகக் குறிப்பேட்டில் இருக்கிறது, என் கையெழுத்திலேயே.