வானிலைத் துறையில் ஆட்குறைப்பு: ஏற்காட்டுத் தோட்டங்களை அது பாதிக்குமா?

கேள்வி: நாகலூர் காப்பித் தோட்டக்காரர்

ஏற்காட்டில் நாகலூர்ப் பக்கம் சிறிய காப்பித் தோட்டம் வைத்திருக்கிறேன். 2025ஆம் ஆண்டின் முற்பகுதியில் அமெரிக்க தேசிய வானிலைச் சேவையிலிருந்து பணிநீக்கத்தாலும் முன்கூட்டிய ஓய்வாலும் ஐந்நூறுக்கும் மேற்பட்டோர் வெளியேறினர் என்றும், ஆளில்லாமல் சில நிலையங்களில் வானிலைப் பலூன் விடுவதையே நிறுத்திவிட்டார்கள் என்றும் படித்தேன். சென்ற டிசம்பரில் என் களத்தில் காப்பிக் கொட்டை காய்ந்துகொண்டிருந்தது. கைப்பேசிச் செயலி நாள் முழுக்க வெயில் என்றது. பிற்பகல் மூன்று மணிக்கு மழை இறங்கியது. தார்ப்பாயை இழுத்துப் போடுவதற்குள் பாதிக்கு மேல் நனைந்து, இரண்டாம் நாள் பூஞ்சை வாடை வந்துவிட்டது. இத்தகைய செயலிகளில் பல அமெரிக்க அரசின் ஜிஎஃப்எஸ் கணிப்பையே எடுத்துத் தருகின்றன என்கிறார்கள். அங்கே ஆள் குறைந்ததற்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

பதில்: மேல்வளி நிலையத்தில் பணியாற்றி ஓய்வு பெற்றவர், சேலம்

ஐயா, உங்கள் களம் நனைந்ததற்கு அதைக் காரணமாகச் சொல்ல முடியாது. சேலத்துக்கும் ஏற்காட்டுக்கும் நேர்க்கோட்டில் இருபது கிலோமீட்டர்கூட இல்லை. உயரமோ சுமார் 280 மீட்டரிலிருந்து 1,500 மீட்டருக்கு ஏறுகிறது. ஜிஎஃப்எஸ் நிலத்தைச் சுமார் 13 கிலோமீட்டர்க் கட்டங்களாகப் பார்ப்பதால், மலையும் அடிவாரமும் அதற்கு ஒரே மேடாகத் தெரிகின்றன.

ஆனால் பலூன் செய்தியை இலேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். உலகெங்கும் நம் நேரப்படி காலை 5.30, மாலை 5.30 கணக்குக்கு அது ஏறுகிறது. ஹைட்ரஜன் நிரப்பும்போது பொறி பறக்கக்கூடாதென்று பருத்தி உடை மட்டுமே உடுத்தியிருப்போம். காற்று பலமாக அடித்தால் ஒருவர் பலூனையும் மற்றவர் அதில் கட்டிய அளவுக் கருவியையும் பிடித்துக்கொண்டு சேர்ந்து ஓடி விடவேண்டும்; ஒற்றை ஆளாக விட்டால் கருவி தரையில் மோதிவிடும். விட்ட பிறகு ஏறக்குறைய 30 கிலோமீட்டர் உயரம்வரை வெப்பம், ஈரப்பதம், அழுத்தம், காற்று என்று கணிப்புக்குப் பயன்படும் தகவல் வரிசையாக வரும். அமெரிக்காவில் அலாஸ்காவின் கோட்செபூ, நெப்ராஸ்காவின் ஒமாஹா, தெற்கு டகோட்டாவின் ரேபிட் சிட்டி நிலையங்களில் 2025இல் இதை நிறுத்தினார்கள். வேறு சில இடங்களில் இரண்டு வேளையை ஒரு வேளையாக்கினார்கள். அந்த இடைவெளி முதலில் அவர்களுடைய சூறாவளிக் கணிப்பைத்தான் பாதிக்கும்.

இன்னொன்றையும் நியாயமாகச் சொல்லவேண்டும். 2025 ஜூலை 4 அன்று டெக்சாஸில் குவாடலூப் ஆறு பெருகி, அந்த வெள்ளப் பேரிடரில் 130க்கும் மேற்பட்டோர் இறந்தபோது, வானிலை அலுவலகம் எச்சரிக்கை விடுத்திருந்தது. அன்றிரவு கூடுதல் ஆட்களும் பணியில் இருந்தார்கள். காலியாக இருந்தது, எச்சரிக்கையை உள்ளூர் அதிகாரிகளிடம் கொண்டுசேர்க்கும் ஒருங்கிணைப்பாளர் பதவி. அதனால்தான் உயிர்கள் போயின என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அந்த நாற்காலி காலியாக இருந்திருக்கக்கூடாது.

பதில்: முன்னாள் வேளாண் வானிலை ஊழியர்

ஐயா சொன்ன அந்த நாற்காலியைப் போன்ற ஒன்றில் நானும் ஒப்பந்த அடிப்படையில் அமர்ந்திருந்தேன். நம் நாட்டின் வேளாண் அறிவியல் நிலையங்களில் இயங்கிய 199 மாவட்ட வேளாண் வானிலைப் பிரிவுகளை 2024இல் மூடினார்கள். தரவெல்லாம் தானியங்கியாக வருகிறது, ஆள் எதற்கு என்பது அப்போது சொல்லப்பட்ட வாதம்.

செவ்வாயும் வெள்ளியும் விவசாயிகளுக்கு வானிலை அறிக்கை போகும். அது போன மறுநிமிடம் அழைப்புகள் வரத் தொடங்கும். "பத்து மில்லிமீட்டர்னு போட்டிருக்கீங்களே அம்மா, மரவள்ளிக்கு மாவுப்பூச்சி மருந்து இன்னிக்கே அடிக்கலாமா, தள்ளிப் போடவா?" என்று ஒருவர் வாராவாரம் கேட்பார். அவருடைய நிலம் மேட்டிலா பள்ளத்திலா, முந்தைய வாரம் எவ்வளவு பெய்தது என்பதெல்லாம் எனக்குத் தெரியும்; மழை அளவை மட்டும் அனுப்பும் கணினிக்குத் தெரியாது. 2025 மே மாதம் நம் நாட்டில் 6 கிலோமீட்டர்க் கட்டத்தில் கணிக்கும் பாரத் முன்கணிப்பு முறை வந்தது, மனமார வரவேற்கிறேன். ஆயினும் மார்ச், ஏப்ரலில் காப்பியைப் பூக்கவைக்கும் பூ மழை வருமா, தெளிப்புநீர் போடவேண்டுமா என்று உங்களுக்குப் பக்கத்தில் இருந்து சொல்ல ஓர் ஆள் வேண்டும்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் நன்றி. தோட்டத்தில் மழைமானி இருக்கிறது. மழை பெய்த நாளில் மட்டும் குறித்து வைக்கிறேன். அது யாருக்கேனும் பயன்படுமா?

பதில்: மேல்வளி நிலையத்தில் பணியாற்றி ஓய்வு பெற்றவர், சேலம்

கட்டாயம் பயன்படும். தினமும் காலை 8.30 மணிக்கே அளவெடுங்கள்; இந்திய வானிலைத் துறையின் மழைக் கணக்கு அந்த நேரத்தில்தான் முடிகிறது. மழையில்லாத நாளிலும் பூஜ்யம் என்று எழுதுங்கள், இல்லையென்றால் அன்று பெய்யவில்லையா, நீங்கள் பார்க்கவில்லையா என்பது பின்னால் தெரியாது.