கையுறை போட்டிருந்தால் கை கழுவ வேண்டியதில்லையா?

கேள்வி:
இடுப்பு எலும்பு முறிவுக்கு அறுவை சிகிச்சை செய்துகொண்ட என் தாயார், ஆறு நாட்களாகப் பொது வார்டில் இருக்கிறார். கையில் வென்ஃப்ளானும் (இரத்த நாளத்தில் மருந்து செலுத்தப் பொருத்தும் மெல்லிய ஊசிக்குழல்), சிறுநீருக்குக் குழாயும் போட்டிருக்கிறார்கள். நேற்றுக் காலை, பக்கத்துப் படுக்கைக்காரரின் புண்ணுக்குக் கட்டு மாற்றிய செவிலியர், அதே கையுறையோடு வந்து அம்மாவின் வென்ஃப்ளான் மூடியைத் திறந்து மருந்து செலுத்தினார். தயங்கியபடி கேட்டதற்கு, "கிளவுஸ் போட்டுத்தானே இருக்கேன்" என்றார். முப்பது படுக்கைகளை இரண்டே பேர் கவனிக்கும் இடத்தில் அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனாலும் இது சரிதானா? மனம் நோகாமல் எப்படி எடுத்துச் சொல்வது?

பதில் (ஓய்வுபெற்ற செவிலியர்):
சரியில்லை. ஒரு நோயாளிக்குப் போட்ட கையுறையை அங்கேயே கழற்றி, கையைச் சுத்தம் செய்த பிறகுதான் அடுத்தவரைத் தொட வேண்டும். மாற்றாத கையுறை, கழுவாத கைக்குச் சமம். நோயாளியைத் தொடும் முன்பு, ஊசி, குழாய் போன்றவற்றைக் கையாளும் முன்பு, இரத்தமோ சீழோ பட நேர்ந்த பின்பு, நோயாளியைத் தொட்ட பின்பு, அவருடைய கட்டிலையோ மேசையையோ தொட்ட பின்பு என்று ஐந்து தருணங்களை உலக சுகாதார நிறுவனம் வகுத்துள்ளது. ஆல்கஹால் திரவம் என்றால் 20 முதல் 30 நொடி தேய்த்தால் போதும். ஒரு புட்டியை அம்மாவின் கட்டிலருகே வைத்திருந்து, மருந்து போட வரும்போது "சிஸ்டர், இந்தாங்க" என்று நீட்டிப் பாருங்கள். என் பணிக்காலத்தில் அப்படி நீட்டியவர்களிடம் நான் ஒருபோதும் கோபப்பட்டதில்லை. வென்ஃப்ளான் போட்ட இடம் சிவந்தாலோ, வீங்கினாலோ, வலித்தாலோ உடனே சொல்லிவிடுங்கள்.

பதில் (நுண்ணுயிரியல் ஆய்வகப் பணியாளர்):
1847-இல் வியன்னா பொது மருத்துவமனையில், பிரேதப் பரிசோதனை செய்துவிட்டு நேரே பிரசவ வார்டுக்கு வந்த மருத்துவர்களின் கைகளே தாய்மார்களுக்குக் உயிரைப் பறிக்கும் காய்ச்சலைக் கொண்டுவந்தன என்று அங்கு பணியாற்றிய மருத்துவர் செம்மல்வைஸ் கண்டார். குளோரின் கலந்த சுண்ணாம்பு நீரில் கைகழுவச் செய்த சில மாதங்களில், ஏப்ரலில் சுமார் 18 விழுக்காடாக இருந்த இறப்பு ஏறத்தாழ 2 விழுக்காடாகக் குறைந்தது. இன்றும் கிருமி ஏறிச் செல்லும் வாகனம் அதே கைதான். ஒன்றை மட்டும் சேர்த்துச் சொல்கிறேன்: வார்டில் யாருக்காவது வயிற்றுப்போக்கு இருந்தால் ஆல்கஹாலை நம்பாதீர்கள். வயிற்றுப்போக்கை உண்டாக்கும் குளாஸ்ட்ரிடியாய்டீஸ் டிஃபிசில் போன்ற கிருமிகளின் வித்துகள் (கடினமான உறைக்குள் உறங்கும் கிருமி வடிவம்) அதில் சாவதில்லை. சோப்பும் தண்ணீரும்தான் அவற்றைக் கையிலிருந்து கழுவி அகற்றும்.

பதில் (தந்தைக்குத் துணையிருந்தவர்):
செவிலியரைப் பார்க்கும் அதே கண்ணால் நம்மையும் பார்த்துக்கொள்ள வேண்டும். அப்பாவைப் புரட்டிப் படுக்க வைக்கும்போதெல்லாம் சிறுநீர் சேரும் பையைத் தூக்கி மெத்தைமேல் வைத்தவன் நான். பையில் இருப்பது குழாய் வழியே திரும்பி உள்ளே போய்விடும் என்று ஒரு செவிலியர் சொன்ன பிறகே எனக்குப் புரிந்தது. பை எப்போதும் இடுப்புக்குக் கீழே தொங்க வேண்டும், ஆனால் தரையில் படக்கூடாது. குழாய் இருக்கும் ஒவ்வொரு நாளும் தொற்றுக்கான வாய்ப்பு கூடும் என்பதால், ரவுண்ட்ஸ் வரும் மருத்துவரிடம் "இன்னும் இது தேவையா?" என்று தினமும் கேளுங்கள்.

கேள்வி கேட்டவர்:
மூவருக்கும் நன்றி. இன்று காலை ரவுண்ட்ஸில் கேட்டேன். மாலையில் குழாயை எடுத்துவிட்டார்கள். புட்டியை நீட்டியபோது அந்தச் செவிலியர் கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டு, ஒன்றும் சொல்லாமல் வாங்கித் தேய்த்துக்கொண்டார்.